தூங்காத டிரைவரின் தூங்குமூஞ்சிக் கண்கள்

முதலில் வலித்தது கழுத்துதான். வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்குக் கழுத்து வலிப்பது ஒரு செய்தியா? சாயங்காலமானால் நெற்றியும் விண்விண்ணென்று தெறிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

என் கண்கள் எப்போதுமே கொஞ்சம் சொருகினாற்போலத்தான் இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் மேல் இமைத் தோல் தளர்ந்து கண்ணின்மேலேயே மடிந்து விழுந்துவிட்டது. ரோடு தெரிவதற்காகப் புருவத்தை ஏற்றி, முகவாயைத் தூக்கிக்கொண்டு ஓட்டிப் பழகியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். வருஷா வருஷம் கண் சோதனையில் எழுத்துப் பலகையையும் அப்படித்தான் படித்துத் தேறியிருக்கிறேன்.

பஸ்ஸில் வருபவர்கள் காலை ஷிப்ட் பெண்கள். தினமும் ஒருத்தி எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஓசூர் வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். ஒரு நாள் தெலுங்கு, ஒரு நாள் கன்னடம், ஒரு நாள் தமிழ். எந்த வீட்டு மாமியார் எப்படி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நம்மேல் எவ்வளவு பாசம் என்று உள்ளூரப் பெருமைதான்.

கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஒரு நாள் எங்கள் பஸ்ஸில் ஏறினார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். இறங்கியதும், டிரைவர் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார் என்று புகார். என்னைக் காப்பாற்ற மஞ்சுளா முன்னால் வந்தாள். வயரிங் பிரிவில் வேலை செய்கிற பெண், நல்ல மனசு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“அண்ணன் தூங்கவே மாட்டாரு சார். நாங்க தூங்க உட்டாத்தான? டெய்லி ஒருத்தர் மொறை வெச்சிப் பேசிக்கினு வர்றோம்.”

அன்றோடு ஸ்டியரிங் என் கையைவிட்டுப் போயிற்று. டாக்டர் சர்டிபிகேட் இருந்தால்தான் மறுபடி பஸ் என்றார்கள்.

அதைவிட என்னைக் குடைந்தது அந்த முறைவைத்த பேச்சு. வீட்டு வேலையை முடித்துவிட்டு இருட்டோடு கிளம்பி வருகிற பெண்கள். பஸ்ஸில் கிடைக்கிற கொஞ்சத் தூக்கத்தையும் எனக்காக விட்டிருக்கிறார்கள். நானோ ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை.

ஓசூரில் கண் டாக்டரம்மா என் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு பார்வைப் புலச் சோதனை (கண்ணை அசைக்காமல் சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது). வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இமையை டேப் ஒட்டித் தூக்கிவிட்டு இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். மேலே அத்தனை புள்ளிகள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. தோல்தான் மறைக்குது. இமைச் சீரமைப்பு (அதிகப்படித் தோலை வெட்டித் தைப்பது) பண்ணா சரியாயிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் கண்ணு வறளும், முழுசா மூடாது. யோசிச்சிட்டு வாங்க.”

“இந்த வயசுல புதுமாப்ள ஆவணுமா மாமா?” என்று என் மனைவி பார்வதி கிண்டல் செய்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “அந்தக் கண்ணப் பாத்துத்தான் கல்யாணத்துக்கே நான் சரின்னேன். மூடாமயே போயிட்டா என்ன பண்றது?”

எனக்கும் அதே பயம்தான். கண்ணாடி முன் நின்று இமையைத் தூக்கிப் பார்த்தால் யாரோ ஓர் ஆள் திடுக்கிட்டு நிற்பான். காலையில் வேண்டும் என்பேன், மாலையில் வேண்டாம் என்பேன். கடைசியில் முடிவெடுத்தது அவள்தான். “வா மாமா, பண்ணிக்கலாம். நீ வீட்ல குந்திக்கினு ரோட்டையே பாக்கறத என்னால பாக்க முடியல.”

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டார்கள். நினைவோடுதான் இருந்தேன். “கண்ணத் திறங்க, மூடுங்க” என்று சொல்லிச் சொல்லி டாக்டரம்மா இரண்டு பக்கமும் சரிபார்த்துக்கொண்டார். மறுநாள் முகம் வீங்கி, கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம். பார்வதி ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள், சொட்டு மருந்து விட்டாள். நான் தூங்கியபின் கண் மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். அவள் மூச்சு முகத்தில் படும். விழிப்பு வந்தாலும் தூங்குவதுபோலவே கிடப்பேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது திடீரென்று ஒரு இமை மட்டும் இறங்கினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். என்னுடையதுபோல மெல்ல மெல்ல இறங்கியதென்றால் நிதானமாக யோசிக்கலாம். அழகுக்கா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வீக்கம் வடிந்து, கண் நன்றாக மூடித் திறந்த பிறகு சர்டிபிகேட் கிடைத்தது. மறுபடி பஸ் எடுத்த அன்று பக்கத்துச் சீட்டில் மஞ்சுளா. என்னை உற்றுப் பார்த்தாள்.

“என்னாண்ணா, போலீஸ்காரரு மாதிரி மொறைக்கிறீங்க?”

வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். குந்தாரப்பள்ளி தாண்டியதும் சொன்னேன்.

“நீ தூங்கும்மா. நான் பாத்துக்கறேன்.”

“நெசமாவாண்ணா?”

சூளகிரி வருவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். பஸ் முழுக்க ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முகவாயைத் தூக்காமலே ரோடு தெரிந்தது, அதற்குமேல் விடிகிற வானமும் தெரிந்தது. நெற்றி இருக்கிற இடமே தெரியாமல் லேசாக இருந்தது. பேச்சில்லாத அந்த வழி முன்னைவிட நீளமாகப் பட்டது. மேடு பள்ளம் பார்த்து, பிரேக்கை மெதுவாகவே தொட்டேன். ஓசூர் கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.