நத்தத்தில் நகராத திரை

1. இரண்டாவது வாக்கியம்

திண்டுக்கல்லில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வறையில் நான் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தபோது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் ஸ்டெல்லா மேடம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி ஒன்றுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்திருந்தார். அதன் திரை அமைப்பை, எந்த மண்டிக்கும் பிறர் எடுத்தாளக்கூடிய பேட்டர்னாக, அதாவது வடிவமைப்பு மாதிரியாக, நிறுவுவதே அவரது ஆய்வு. சிக்கல், சூழல், தீர்வு என்ற மூன்று தலைப்புகளில் அதைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு.

மதிப்பீட்டுக்காக அந்த மண்டிக் கணக்கரிடம் கருத்துக் கேட்டோம்.

"குறையே இல்லீங்க. நீங்கதான் பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தீங்களே" என்றார்.

மேடம் முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். எனக்கு இரண்டாவது வாக்கியம் உறுத்தியது.

"மேடம், திரை நல்லா இருக்கான்னுதான் கேட்டோம். பேட்டர்ன் நல்லா இருக்கான்னு கேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"நாம எழுதினத மட்டும் படிச்சு வேற ஒருத்தர் செஞ்சாத்தான் தெரியும்."

"தீசிஸ் குடுக்க நாள் நெருங்கிருச்சு. நீ எழுத்துப் பிழைய மட்டும் பாரு."

அந்த வாரம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் இசைந்தார்.

2. மாங்காய் மண்டி

இறுதியாண்டு மாணவர் பிரபு, என் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு நத்தம் மாங்காய் மண்டிக்கு ஒரு திரை செய்தார். சோதனையின்போது மேடமும் நானும் வாய் திறப்பதில்லை என்பது ஏற்பாடு.

திரையில் வரிசையாக மூன்று கட்டங்கள்: பெயர், சரக்கு, எடை. ஒருவரின் பில் முடியாமல் அடுத்தவர் பெயரைத் திரை ஏற்காது. முதல் வேன் வந்ததும் மண்டிக்காரர் முத்தையா, சரக்கு கொண்டுவந்தவர் பெயரை அடித்தார். அதற்கு மேல் திரை நகரவில்லை.

"காய இறக்கி, ரகம் பிரிச்சு, அழுகலக் கழிச்ச பொறகுதானப்பு எடை? அம்புட்டு நேரமும் அடுத்த வண்டிக்காரன் ரோட்டுலயே நிக்கவா?" என்றார் பிரபுவிடம். "ஒம் பொட்டி பொறுமையில்லாத பொட்டியா இருக்கே."

மேடத்தின் கை மவுஸை நோக்கிப் போனது. வேண்டாம் என்று தலையசைத்தேன். கை திரும்பியது.

ஒட்டன்சத்திரத்து மண்டியில் சரக்கு தரம் பிரிக்கப்பட்டு மூட்டையாக வந்து இறங்கும்; உடனே எடை போட்டுவிடலாம். அது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், 'சூழல்' என்ற தலைப்பின்கீழ் அதை எழுதவே தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில் மேடம் கேட்டார்: "இத எழுதினா எக்ஸாமினர் என்ன சொல்வாரோ?"

"எழுதலைன்னா அடுத்து எடுக்கிறவங்களும் இதே எடத்துல வந்து நிப்பாங்க, மேடம்."

ஆய்வேட்டின் தலைப்பிலிருந்த 'எந்த மண்டிக்கும்' என்ற சொற்களை அவரே அடித்து நீக்கினார். 'எங்கே பொருந்தாது' என்ற நான்காம் தலைப்பை நான் எழுதினேன். ஆய்வேடு ஏற்கப்பட்டது.

இத்துறைக்கு வருவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு பேட்டர்னை மதிப்பிடும்போது, அதைச் செய்தவர் பேசாதிருக்க வேண்டும்.

பின்னர் பாலசமுத்திரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் தேங்காய் மண்டியில் காய் தரம் பிரிக்காமல் வருவதால், நான்காம் தலைப்பைப் படித்துவிட்டு எங்கள் பேட்டர்னை எடுக்கவில்லை என்றார். மேடம் அதையும் பேட்டர்னின் வெற்றியாகவே கணக்கில் சேர்த்தார்.