சட்டைப் பையில் இருந்த றோட்டர்

பக்கத்து வீட்டுக்காரர் தன் தகப்பனை உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் நான். கார் பற்றவில்லை என்று பொய் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அவரைக் கொண்டே அதைத் தள்ளவும் வைத்தேன்.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்று, கடலோர ஊரான ஓலைத்தொடுவாயில் இருக்கிறேன். என் பழைய காருக்குக் கடற்காற்றுதான் எதிரி. மின்பொறிக்கு வேண்டிய பொயின்ற் முனைகளில் உப்புப் படியும். மெல்லிய அரத்தால் உரசி, சிகரெட் பெட்டி அட்டையைச் செருகி இடைவெளி பார்ப்பேன். பிளக்குகளின் கரியைச் சுரண்டுவேன். அவற்றுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்க, ஒரு மூடிக்குள் சிறு துண்டொன்று சுழலும். அதுதான் றோட்டர். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. யுத்த காலத்தில் வாகனத்தை யாரும் கொண்டுபோய்விடாமல் இருக்க, நிறுத்தியதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். யுத்தம் முடிந்தும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஐயா, அப்புவுக்குக் கடுமையாம். வெள்ளாங்குளத்தில இருந்து போன் வந்தது. பஸ் ஒண்டும் ஓடேல்லை. ஒருக்காக் கொண்டுபோய் விடுவீங்களோ?"

தாங்கியில் போய்வரப் பெற்றோல் இருந்தது. மனைவிக்கு ஏதும் என்றால் தேவைப்படும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. ஊரில் ஒருவரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பதில் ஒரு சுகம் இருந்தது. அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

றோட்டர் பையில் கிடந்தது. அதை மாட்டாமலே சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"கொயில் பழுதாப் போட்டுது போல, தம்பி" என்றேன்.

"தள்ளிப் பாப்பம் ஐயா" என்றார். மைத்துனரையும் கூட்டிவந்தார். மணல் ஒழுங்கையில் இருவரும் தள்ளினார்கள். அவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று நானும் இறங்கி, ஒரு கையால் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன்.

மைத்துனர் மூச்சு வாங்கியபடி, "ஐயா, உங்கட காருக்கு நடக்கத்தான் தெரியும், ஓடத் தெரியாது" என்றார். பக்கத்து வீட்டுக்காரருங்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை மீன் லொறி ஒன்றில் ஏறி அவர் போய்ச் சேர்ந்தபோது தகப்பனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முந்திய இரவே உயிர் பிரிந்துவிட்டது. கடைசிவரை மகனைத்தான் கேட்டாராம்.

தாயைத் தன்னோடு கூட்டிவந்து, முப்பத்தோராம் நாள் பூசையை இங்கேதான் வைத்தார். சாப்பாட்டில் என்னை முதல் கதிரையில் இருத்தி, "இந்த வயசிலயும் எனக்காகக் கார் தள்ளின மனுசன்" என்று சொந்தக்காரருக்குக் காட்டினார். தாய் என் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் தலை குனிந்து சாப்பிட்டேன்.

கோயிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் சொன்ன செபங்களையும் சொன்னேன். அதோடு தீரவில்லை. கடற்கரையில் பக்கத்து வீட்டுக்காரர் தனியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். காரை வைத்துக்கொள்ளும்படி சாவியை நீட்டினேன்.

அவர் சாவியைப் பார்க்கவில்லை.

"பெற்றோல் இருந்ததோ?"

"ஓம்."

"வெள்ளாங்குளம் போகக் காணுமோ?"

"காணும்."

வலையின் அடுத்த கண்ணை எடுத்து முடிச்சை இறுக்கினார். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ ஒவ்வொரு நாளும் உங்களுக்கும் சேத்துத்தான் செபம் சொல்லுறவ. போங்கோ."

'ஐயா' என்று சொல்லவில்லை.

அதன்பின் பாதையில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுகிறார். ஒன்றும் அறியாத தாய், வலையில் நல்ல மீன் பட்டால் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து, வேலிக்கு மேலால் நீட்டுகிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கை நீட்டி வாங்குகிறேன். மகன் அந்த நேரத்தில் வீட்டுக்குள் போய்விடுகிறார்.