அண்ணனுக்குப் பத்தாத ஜீப் சீட்

எங்கள் அத்தா தவளக்குப்பத்தில் வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருந்தார். எந்த வண்டியிலும் யாரையும் இடுப்பு நோகாமல் உட்கார வைத்துவிடுவார் என்று பெயர். அப்படிப்பட்டவரால் பெற்ற மகனை ஒரு பழைய ஜீப்பில் சரியாக உட்கார வைக்க முடியவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பத்தொன்பது.

அண்ணன் ஆறேகால் அடி உயரம். அத்தா அவன் தோளுக்குத்தான் வருவார். லைசென்ஸ் வந்ததும் அவன் ஆசைப்பட்டது, யாருடைய தோப்பிலோ துருவேறிக் கிடந்த ஜீப்புக்கு. அத்தா அதை வாங்கி ஓட வைத்தார். ஏறி உட்கார்ந்தால் அண்ணனுக்குத் தலை கூரைத் துணியில் முட்டியது, முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கிளட்சை மிதிக்க இடது காலை ஒருபக்கமாக மடக்கித் தூக்க வேண்டியிருந்தது. பெரிய ஆள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். நானும் அம்மாவும் வாசலில் நின்று சிரிப்போம்.

கொஞ்ச நாளில் இடது முழங்கால் வலிக்கிறது என்றான். “இடிச்சிக்கிட்டே ஓட்டுனா வலிக்காம என்ன செய்யும்?” என்றார் அத்தா. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் சீட்டைக் கழற்றி, தரையில் புதிதாகத் துளை போட்டு, நான்கு விரல் அளவு பின்னால் தள்ளினார். வலி போகவில்லை. அடுத்த வாரம் பஞ்சைப் பாதியாகக் குறைத்தார். சீட்டுக்கு அடியிலேயே டீசல் டேங்க் இருந்ததால் அதற்கு மேல் இறக்க வழியில்லை. பிறகு ஸ்டியரிங்கைத் தளர்த்தி ஒரு விரல் உயர்த்தினார்.

“இப்ப சொகமா இருக்குத்தா” என்றான் அண்ணன்.

அன்று மதியம் அவன் கட்டிலில் படுத்து, முழங்காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

“படுத்திருந்தாலும் வலிக்குதா?”

“வலிக்குது பாப்பா. அத்தாகிட்ட சொல்லிடாத, வண்டிய வித்துடுவாரு. உன்ன வீராம்பட்டினம் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. இரவில் அவன் முனகுவது கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். சொன்ன மாதிரியே கடலுக்குக் கூட்டிப் போனான். திரும்பும்போது அவனால் கிளட்சை அழுத்த முடியவில்லை. வண்டி நடுத்தெருவில் நின்றது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்லை. மீன்கூடையோடு போன ஒரு அக்காதான் அண்ணனின் போனை வாங்கி அத்தாவைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பில் கட்டி என்றார்கள். முழங்காலுக்கு மேலேயே காலை எடுக்க வேண்டும், இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் அத்தா மறுபடியும் ஜீப் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சீட்டால இல்லத்தா. படுத்திருந்தாலும் அவனுக்கு வலிக்கும். எனக்கு ஒரு மாசமா தெரியும்.”

அவர் கை நின்றது. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இத அம்மாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. போயி வெளையாடு, போ.”

அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவன் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “சீட்டு சீட்டுன்னு நான்தான் ஒரு மாசத்த ஓட்டிட்டேன்.” அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல மாதங்கள் அவரோடு பேசவே இல்லை.

அத்தா அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று ஜீப்புக்குப் பக்கத்தில் நான் சொன்னதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.