தார் ஓரத்திலிருந்து ஒரு கை தூரம்

சென்ற ஐப்பசி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கலியபெருமாள் தொலைபேசியில் அழைத்தார். நம் பணிமனையில் இருபத்தாறு ஆண்டுகள் நடத்துநராக இருந்தவர். நெரிசலில் விசில் இல்லாமலே வண்டியை நிறுத்தக்கூடிய குரல் அவருடையது. அன்று அந்தக் குரல் எழவில்லை.

"சார், பாய் போயிட்டாரு."

எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. திருவையாறு - தஞ்சாவூர் தடத்தில் வேலை பார்த்த நமக்கெல்லாம் பாய் என்றால் ஓட்டுநர் தாவூது பாய் ஒருவர்தான். எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"சைக்கிள்ள சார். கண்டியூருக்கு மீன் வாங்கப் போயிருக்காரு."

நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அவர் மறைந்த நாள் ஐப்பசி பத்து என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பிழை. அடக்கம்தான் பத்தாம் நாள் காலையில் நடந்தது. இதைவிடப் பெரிய பிழை ஒன்று நம்மவர்களிடையே வாய்மொழியாக உலவுகிறது. "நடுரோட்டில் சைக்கிள் ஓட்டுவார், சொன்னால் கேட்க மாட்டார், அதுவே அவரைக் கொண்டுபோய்விட்டது" என்கிறார்கள். அவரை அறிந்த உங்கள் முன் அந்தப் பிழையைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். எழுதக் கை வருவதற்கு ஐம்பது நாள்களுக்கு மேல் ஆகிவிட்டது.

அவரை நான் முதலில் அறிந்தது தாமதப் பதிவேட்டில். நான் திருவையாறு பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளன், அதாவது டைம் கீப்பர். 1994 ஜூன் 6, திங்கட்கிழமை. காலை எட்டு நாற்பதுக்கு வரவேண்டிய வண்டி எட்டு நாற்பத்து நான்குக்கு வந்தது. அந்தத் தடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓட்டுநர், நேர அலுவலகத்தின் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எத்தனை நிமிஷம் பாய்?"

"நாலு சார்."

"காரணம்?"

"சைக்கிளு. குடமுருட்டிப் பாலத்துல பிள்ளைங்க முன்னாடி போய்க்கிட்டிருந்துச்சுங்க."

"சைக்கிள்னு ஒரு காரணம் ரிஜிஸ்டர்ல கிடையாது. டயர் பஞ்சர், இன்ஜின் கோளாறு, சாலை மறியல். இதுல ஒண்ணு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்? பிள்ளைங்கன்னு எழுதுங்களேன்."

'காரணமின்றித் தாமதம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்கு கீப்பர் சார்" என்று சொல்லிப் போனார். அன்றுமுதல் கடைசிவரை அவருக்கு நான் கீப்பர் சார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஆறு முறை தாமதம். ஆறுக்கும் ஒரே காரணம். முன்னால் சைக்கிள் போனால், தாராளமாக இடம் கிடைக்கும்வரை அவர் முந்த மாட்டார்; ஹாரனும் அடிக்க மாட்டார். விதிப்படி நான் அறிக்கை அனுப்பினேன். அவருக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் தடத்திலிருந்து எடுத்து, யார் விடுப்பில் போகிறார்களோ அவர்கள் வண்டியில் ஏறும்படி வைத்தார்கள். டிசம்பரில் திரும்பி வந்த இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ஜன்னலுக்கு வந்தார். வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்தது. முகம் மட்டும் நன்றாக இல்லை.

"சார், இன்னிக்கு ஒங்க பேனாவுக்குப் பயந்து ஹாரன் அடிச்சேன். கேரியர்ல புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு ஒரு பொம்பள போய்க்கிட்டிருந்துச்சு. பதறிப்போயி சைக்கிளோட வாய்க்கால்ல எறங்கிருச்சு. அடி ஒண்ணும் இல்ல. நான்தான் எறங்கித் தூக்கிவிட்டேன். இனிமே அடிக்க மாட்டேன். நீங்க எழுதிக்கிட்டே இருங்க."

எழுதிக்கொண்டேதான் இருந்தேன். அது என் வேலை என்று அப்போது நினைத்தேன். இன்றும் அது என் வேலைதான் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆனால் இரவில் அந்த மனம் உறங்கிவிடுகிறது, மற்றது உறங்குவதில்லை.

எனக்கும் சைக்கிள்தான் வாகனம். சாலையில் தார் முடியும் விளிம்பின்மேல், இடதுபுறம் இம்மியும் பிசகாமல் செல்வேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. 1996 மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் (தேதி என் நாட்குறிப்பில் இல்லை) அந்தப் பெருமையை நான் வாய்விட்டுச் சொன்னேன். பாய் என்னை அழைத்துப்போய், நின்றிருந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். கலியபெருமாளிடம் என் சைக்கிளைக் கொடுத்து, வண்டிக்கு முன்னால் பதினைந்து அடி தள்ளி, தார் ஓரத்தில் நிற்கச் சொன்னார்.

"என்னைய வச்சு வெளையாடாதீங்க பாய். எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணம் பாக்கி" என்றார் கலியபெருமாள்.

"சும்மா நில்லுய்யா, வண்டி ஆஃப்லதான் கெடக்கு. கீப்பர் சார், இப்ப நீங்க டிரைவர். எட்டு நாப்பதுக்குப் போயாவணும். என்ன தோணுது?"

உண்மையைச் சொன்னேன். "இடம் இருக்கு. போயிடலாம்னு தோணுது."

"போங்க. கலியபெருமாளு, சைக்கிளத் தள்ளிக்கிட்டு அப்படியே பின்னால வா."

கலியபெருமாள் ஓரமாகவே பின்னோக்கி வந்தார். முதலில் இடுப்பு மறைந்தது, பிறகு தோள், பிறகு அவரே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அதிலும் இல்லை.

"எங்க இருக்கான்?"

"தெரியலை பாய்."

"முன் டயர்கிட்ட நிக்கிறான். நீங்க தெனம் போற எடம் அது சார்."

அடுத்து, கலியபெருமாளைத் தார் ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, பழையபடி வண்டிக்கு முன்னால் நிற்கச் சொன்னார். இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார். பிரேக் போட வேண்டும் என்று தோன்றியது. அப்படியே சொன்னேன்.

"அவ்வளவுதான் சார். ஓரத்துல போறவன டிரைவரு எடமாப் பாப்பான். ஒரு கை உள்ள போறவனத்தான் ஆளாப் பாப்பான்."

அவர் சொன்னது முழுவதும் விளங்கியது. ஆயினும் அன்று மாலை வீட்டுக்குத் தார் ஓரமாகவேதான் போனேன். பதிவேடு எழுதுகிறவன் ஓட்டுநரிடம் பாடம் கேட்டான் என்று ஆகிவிடக்கூடாது என்ற வீம்பு.

நான் 2008 ஜூலை 31 அன்றும் அவர் 2010 மே 31 அன்றும் ஓய்வு பெற்றோம். அதன் பிறகுதான் நண்பர்களானோம். வாரத்தில் நான்கு நாள் காலையில் இருவரும் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போவோம். சைக்கிளுக்கென்று தனிப்பாதை நம் ஊர்களில் கிடையாது. ஓரம் என்று ஒன்று இருக்கிறதே தவிர அது யாருக்கும் உரியதில்லை. மணல் குவியல், சாக்கடை மூடிய கற்பலகை, எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர் எல்லாம் அங்கேதான். பாய் நேர்கோட்டில் போவார். நிற்கும் கார்களை விட்டு, ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரத்தில் போவார். இரண்டு கார்களுக்கு இடையே காலி இடம் இருந்தாலும் உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வர மாட்டார். "மறைஞ்சு மறைஞ்சு வந்தா எவனுக்கு சார் தெரியும்?" என்பார். திரும்புவதற்கு முன் பின்னால் வருபவன் முகத்தைப் பார்ப்பார். காட்டிய கையைப் பார்த்தவன் மறந்துவிடுவான், கண்ணைப் பார்த்தவன் மறக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. வழி விடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். "வழி விடணும்னா நல்ல எடமாப் பாத்து நில்லு. எறங்கு. அப்புறம் விடு. ஓட்டிக்கிட்டே தார விட்டு எறங்காத." இதை அவர் என்னிடம் சொன்ன தடவைகளை எண்ண முடியாது.

ஒருநாள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் பொறுமை இழந்து கத்தினான். "யோவ் பெரிசு, ரோடு என்ன ஒன் மாமனாரு வூட்டுதா?"

பாய் திரும்பிப் பார்த்தார். "ஆமாந்தம்பி, சீருல குடுத்தாரு. அகலமாத்தான் குடுத்தாரு. நீ நிதானமா வா."

கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அவருக்குப் பின்னால் தார் ஓரத்தில் வந்துகொண்டிருந்த நான், கூச்சப்பட்டு அவரைத் தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். ஆனாலும் டீக்கடையில் என் டம்ளரில் எப்போதும்போல் அவரே ஆற்றித் தந்தார்.

அடக்கத்தன்று பள்ளிவாசல் வெளியில் நின்றபோதுதான் அந்த முணுமுணுப்பு முதலில் என் காதில் விழுந்தது. நடுரோடு, நடுரோடு என்றார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. அவர் ஓட்டும் விதம் எனக்குத் தெரியும். அவர் நம்பியதே அவரைக் கொன்றது என்றால், அந்த எண்ணத்தோடு நான் எப்படி இருப்பேன்? மறுநாள், ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பேருந்தில் போய்க் கண்டியூருக்கு முன்னால் இறங்கினேன்.

குறுவை அறுப்பு முடிந்து மழை விட்டிருந்த நேரம். ஈரம் காயாமல் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்பதால், சாலையின் ஒரு பாதி நெடுக நெல் பரப்பி, வண்டி ஏறாமல் கல் வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். செல்லம்மாள் என்று பெயர் சொன்னார். எதிர்ப்புறத்தில், தார் விளிம்புக்கு வெளியே, மதகுச் சுவரருகே ரத்தக் கறையின்மேல் மண்ணைப் போட்டு மூடிய இடத்தைக் காட்டினார். புதிதாகத் தார் போட்டதில் சாலை உயர்ந்து, ஓரத்து மண் ஒரு சாண் கீழே கிடந்தது. அளப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"இங்கதானே நின்னேன். பாய் எப்பவும்போல நல்லா உள்ளதான் வந்துக்கிட்டிருந்தாங்க. இந்தப் பக்கம் நெல்லு, பஸ்ஸுக்கு வழியில்ல. பின்னாலயே மெதுவா வந்துச்சு. ஒரே ஒரு தடவ ஹாரன் அடிச்சுச்சு. இவங்க திரும்பிப் பாத்தாங்க. சிரிச்சாங்க. 'போப்பா போ, லேட்டாப் போனா ஒனக்கு எழுதிருவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே கையக் காட்டிட்டு ஓரம் எறங்குனாங்க. முன்சக்கரம் சறுக்கிருச்சு. செவுத்துல தல."

சற்று நேரம் நெல்லைக் கிளறினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதிருவாங்கன்னாங்களே, யாருங்க எழுதுவாங்க? என்னத்த எழுதுவாங்க? எனக்கு வெளங்கல."

நான் அந்த மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பேருந்தின் ஓட்டுநர்மீது ஒரு குற்றமும் இல்லை. வண்டி பாயைத் தொடவேயில்லை. அவரைத் தூக்கி அதே வண்டியில் கிடத்தி, பயணிகளோடு நேரே தஞ்சாவூர் மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றிருக்கிறார். அன்று அந்த நடை நாற்பது நிமிடம் தாமதம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்து அறிந்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா கார்த்திகை பதினெட்டு, வியாழக்கிழமை. அவர் மகள் பர்வீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியவன் நான்தான் அம்மா என்றேன். அந்தப் பெண் வெகுநேரம் அழுதது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தா ஒங்களப் பத்தி ஒண்ணுதான் சார் சொல்லுவாங்க. கீப்பர் சார் எழுதுவாரு, ஆனா பொய்யா எழுத மாட்டாருன்னு. அத்தா நடுரோட்டுல போனதாலதான் மவுத்தானாங்கன்னு எல்லாரும் பேசுறாங்க. நீங்க எழுதிருங்க."

எழுதிவிட்டேன். தாவூது பாய் தம் இடத்தில் போனதால் இறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்த இடம் அவரைக் காப்பாற்றியது. முன்பின் தெரியாத ஓர் ஓட்டுநருக்குச் சிவப்பு மை விழக்கூடாது என்று, ஒரே ஒரு முறை, அந்த இடத்தை விட்டு இறங்கியதால் இறந்தார். இதில் ஐயத்துக்கு இடமில்லை. பதிவேட்டில் காரணம் கேட்பவர்கள் இதை எழுதிக்கொள்ளலாம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பொருளாக ஒன்றுமில்லை. தார் ஓரத்திலிருந்து ஒரு கை தூரம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை வீம்பால் நான் எடுத்துக்கொள்ளாத இடம். மார்கழி இரண்டாம் நாள், புதன்கிழமை காலை, எழுபத்தைந்து வயதில் முதன்முறையாக அந்த இடத்தில் சைக்கிள் ஓட்டினேன். குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது பின்னால் பேருந்து வந்தது. இறங்கவில்லை. திரும்பி ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தேன்.

அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "பெரியவரே, டைம் ஆவுது!"

"ஆகட்டும்ப்பா" என்றேன்.

பாலம் முடியும்வரை அவர் என் பின்னாலேயே வந்தார். முடிந்ததும் நல்ல இடமாகப் பார்த்து நின்று, இறங்கி, வழி விட்டேன். கையை உயர்த்திவிட்டுப் போனார். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.