பெயர் எழுதாத படிவம்

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று வீட்டில் ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி வைத்திருப்பார். இருபது வருடமாக அதே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனாலும் எனக்குத் தெரியாதாம். அப்படி ஒழுங்கு பிடித்த மனிதர், காரை விற்கும்போது மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்.

வாங்க வந்தவன் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை போட்டிருந்தான். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான், இவர் கவிழ்ந்துவிட்டார். உரிமை மாற்றும் படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டபோது வாங்குபவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. தன் பெயரிலா மனைவி பெயரிலா என்று யோசித்துப் பிறகு எழுதிக்கொள்வதாக அவன் சொன்னான். அடையாள அட்டை நகல் வாங்கும்படி நான் கண்ணைக் காட்டினேன். கேட்டால் சந்தேகப்படுவது போல் இருக்குமாம். கடைசி வரை அவன் பெயரைக்கூட இவர் கேட்கவில்லை.

எங்கள் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை. இவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். விற்றதைப் பதினாலு நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதப்படி கார் உங்களுடையதுதான் என்று படித்துப் படித்துச் சொன்னார். இவர் நாளைக்கு நாளைக்கு என்று நாற்பது நாளை ஓட்டினார்.

நாற்பத்தோராம் நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மூன்று பேர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் தம்பிகள். அன்று காலை அந்தக் கார் அவர்களுடைய தங்கையை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவள் அந்த இடத்திலேயே செத்துவிட்டாள். யாரோ குறித்த நம்பரை வைத்து எங்கள் விலாசத்தைப் பிடித்திருந்தார்கள். மூத்தவன் சட்டையில் அவள் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

விற்றுவிட்டேன் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் இரும்புக் கம்பி தோளில் இறங்கியது. அடுத்தது வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குறுக்கே விழுந்த என்னை ஒருவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். இன்னொருவன் என் போனை மிதித்து நொறுக்கினான்.

"யாருக்கு வித்த? பேரைச் சொல்லு."

"தெரியாதுங்க."

யார் நம்புவார்கள்? நானே அவர்கள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒவ்வொரு தெரியாதுக்கும் ஓர் அடி விழுந்தது. விலாவில், முழங்காலில், வாயில். இரண்டு பற்கள் தரையில் கிடந்தன. இவர் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பி தலைக்கு நேரே உயர்ந்தபோது இவர் ஒரு பெயரைக் கத்தினார். மெக்கானிக் அண்ணனின் பெயர். பட்டறைக்கு வழியும் சொன்னார்.

மூத்தவன் என் பக்கம் திரும்பினான்.

"நிஜமா?"

நியாயம் அநியாயம் எதுவும் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அந்தக் கம்பிதான் கண்ணில் நின்றது.

"ஆமா," என்றேன்.

அவர்கள் ஓடினார்கள். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போலீசுக்குச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். காலைப் பிடித்து வெளியே இழுத்தவர்கள், என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் அடித்தார்களாம். தாடை நாலு துண்டாகிவிட்டது. இடது கண் போய்விட்டது. போலீஸ் அந்த மூவரையும் அங்கேயே பிடித்தது. காரை ஓட்டியவன் இன்னும் அகப்படவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு இவர் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் மட்டும் உள்ளே போனேன்.

அண்ணனின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. தாளில் எழுதிக் காட்டினார்: "அவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார், அண்ணா."

கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். பிறகு, "அவங்ககிட்ட என் பேரைச் சொன்னது யாரு?" என்று எழுதினார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும்தான், அண்ணா."

மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டார்.