கிண்ணியாவுக்குப் போன தாயக்கட்டை

பூரணிக்குப் பயமில்லாத பொருள் இந்த உலகத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டால், கூடப்பிறந்தவர்களே யோசித்துத்தான் சொல்வார்கள். இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் கொண்டுவரும் தபால்காரருக்கும் பயம். திருகோணமலைப் பட்டினத்தில், ஓர்ஸ் ஹில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் தண்ணீரைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண்ணுக்கு இது என்ன கூத்து என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டும். அவரவர் பயம் அடுத்த வீட்டுக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது?

விதியைப் பாருங்கள், ஆசிரிய நியமனம் கிண்ணியாவுக்கு வந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. பாலம் கிடையாது. ‘பாதை’ என்று சனங்கள் சொல்லும் தட்டையான மிதவையில் பஸ்ஸும் மாடும் மனிதரும் ஒன்றாக ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். பூரணி நட்டநடுவில் நின்று, பிடிக்கக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, கோணேசப் பெருமானைக் கூப்பிட்டபடியே தினமும் போய்வந்தாள். இறங்கினால் வேறொரு பயம். முழுக்க முஸ்லிம் ஊர்; எதைச் சொன்னால் பிழை, எதைச் செய்தால் குற்றம் என்று தெரியாது. ஊர் என்னவோ அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணீர் வரும். வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கலாமோ கூடாதோ என்று அதற்கும் பயந்தாள் இந்த மகராசி.

அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். கூட்டல் என்றால் சிலேட்டில் கோடு கோடாகக் கீறி, முதல் கோட்டிலிருந்து எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதிலும் ஸல்ஹா என்றொரு பிள்ளை, கணக்கென்றதும் நடுங்கத் தொடங்கிவிடுவாள். பள்ளிவாசல் மரைக்கார் அபூதாஹிரின் மகள். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் அவர் சொன்னால் ஊர் கேட்கும். மூத்தவள் நஜ்முன் நிஸாவை, படிப்பு ஏறவில்லை என்று ஏற்கெனவே வீட்டில் இருத்திவிட்டார். இவளுக்கும் இந்தத் தவணை முடிவதோடு படிப்பு சரி என்று சொல்லிவிட்டாராம். பூரணிக்கு அந்த நடுக்கத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அது தன்னுடைய நடுக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாசியில் சிவராத்திரி வந்தது. விரதகாரர் நித்திரை முழிக்கத் தாயம் உருட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். வழக்கமான நீளக் கட்டையல்ல, ஆறு பக்கமும் புள்ளி குத்திய மரக்கட்டைகள் இரண்டு. அக்காவின் மகள், சிலேட்டுப் பிடிக்கும் வயதுகூட இல்லை, கட்டைகள் விழுந்த கையோடு இரண்டையும் கூட்டி எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடுமில்லை, எண்ணலுமில்லை. அட, இத்தனை நாளும் இது என் கண்ணில் படவில்லையே என்று பூரணி எழும்பி உட்கார்ந்தாள்.

கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கீறினாள். கிண்ணியாக் கரையில் தொடங்கிப் பட்டினத்து ஜெற்றியில் முடியும் வள்ள ஓட்டம். நல்ல காற்று அடிக்கும் கட்டத்தில் நின்றால் முன்னால் தாவலாம். சுழியில் அகப்பட்டால் பின்னால் இழுபட வேண்டும். புளியங்கொட்டைகள்தான் வள்ளங்கள். சட்டம் ஒன்றே ஒன்று: இரண்டு கட்டையையும் கூட்டிச் சரியான எண்ணைச் சொன்னால்தான் வள்ளம் அசையும்.

தாளையும் கட்டைகளையும் வகுப்புக்குக் கொண்டுபோனதும் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. இடைவேளை மணி அடித்தால் ஏன் அடித்தது என்று கோபித்தார்கள். சிலேட்டுக் கோடுகள் எங்கே போயின என்றே தெரியாது. ஸல்ஹா, அந்த ஸல்ஹாவா இவள் என்னும்படி, கட்டை உருண்டு நின்றதுமே எண்ணைச் சொன்னாள். பூரணி வாழ்க்கையில் முதன்முறையாகப் பயப்பட மறந்திருந்தாள். மறந்தது எவ்வளவு பெரிய பிழை!

ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தால், பாதி வாங்குகள் பிள்ளைகள் இல்லாமல் வெறுமை. ஸல்ஹாவும் இல்லை. தலைமையாசிரியர் முஹம்மது தம்பி வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். ஸல்ஹா வீட்டு முற்றத்தில் நின்று, டீச்சர் கட்டை உருட்டப் பழக்குகிறார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அது வாப்பா மரைக்காரின் காதில் விழ, அவரைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். கட்டை உருட்டுவது எங்கள் மார்க்கத்தில் சூது, ஹராம், இது உங்களுக்குத் தெரியாதா டீச்சர் என்று தலைமையாசிரியர் கேட்டார். பூரணிக்குத் தெரியாது. சாமி விரதத்துக்கு உருட்டும் கட்டை இன்னொருவர் வீட்டில் பாவமாகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நாளைக்கு மரைக்கார் வருகிறார், பள்ளிக்கூடத்தில் கட்டையே இல்லை, வெறும் படம்தான் கீறினது என்று சொல்லிவிடுங்கள் என்று அந்த நல்ல மனிதர் வழியும் காட்டிவிட்டுப் போனார்.

மணி அடித்ததும் அவள் கட்டைகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். திரும்பும்போது மிதவைப் பாதையில் நின்று கட்டைகளைக் கைக்குள் பொத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரில் போட்டுவிட்டால் முடிந்தது கதை. போடவில்லை. போட்டால், அந்தப் பிள்ளை வீட்டில் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். உண்மை சொன்ன பிள்ளைக்கு அடியும் விழும், படிப்பும் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா நல்லம்மா, காய்ச்சல் என்று லீவு போடு, இடமாற்றம் கேட்கலாம் என்றாள். காய்ச்சல் உண்மையிலேயே வந்துவிடும்போல்தான் இருந்தது. இருந்தும் விடிந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பாதையில் ஏறினாள்.

மரைக்கார் இன்னும் இரண்டு பேரோடு வகுப்பறைக்குள் வந்தார். பின்னால் ஸல்ஹா, முக்காட்டுத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி. பூரணி கதிரையை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

“டீச்சர், இஞ்ச கட்டை உருட்டினதெண்டு கதை. மெய்யா?”

முஹம்மது தம்பி அவளைப் பார்த்தார். ‘இல்லை’ என்று சொல், சொல் என்று கெஞ்சுகிற பார்வை. பூரணி பையைத் திறந்து கலண்டர்த் தாளையும் கட்டைகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒன்று உருண்டே போய்விட்டது. பாவி, அந்த நேரத்திலா உருள வேண்டும்!

“ஓம். நான்தான் கொண்டுவந்தனான். எங்கட வீட்டில சிவராத்திரிக்கு நித்திரை முழிக்க உருட்டுறது. உங்களுக்குக் கூடாதெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. பிழை என்ர. பிள்ளையை மட்டும் மறிச்சுப் போடாதேங்கோ.”

மரைக்கார் கலண்டர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணியாக் கரையையும் சுழியையும் விரலால் தொட்டார்.

“கட்டை இல்லாம புள்ள என்னெண்டு விளையாடும்?”

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. விரலால் என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு தட்டுத்தடுமாறி விளக்கினாள்: இரண்டு பேர் கையைப் பின்னால் மறைத்து, ஒரே நேரத்தில் விரல்களை நீட்டலாம், இருவர் விரலையும் கூட்டி மூன்றாவது பிள்ளை சொல்லட்டும். மரைக்கார் கூட வந்தவர்களிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அதிலே குற்றமில்லை என்று ஒருவர் தலையாட்டினார்.

மரைக்கார் கைகளைப் பின்னால் கட்டினார். பிறகு எட்டு விரலை நீட்டினார். பூரணியும் நீட்டினாள். நீட்டினாள் என்று பெயர்தான். கை காற்றில் அகப்பட்ட ஓலை மாதிரி ஆடியது. எத்தனை விரல் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸல்ஹா உற்றுப் பார்த்தாள், விளங்கவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, டீச்சரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆடாமல் நிறுத்தினாள். நாலு விரல்.

“பன்னெண்டு, வாப்பா.”

மரைக்கார் தன் விரல்களையும் டீச்சரின் விரல்களையும் உதட்டுக்குள் எண்ணிச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மேசையிலிருந்த கட்டையை எடுத்தார். குனிந்து, உருண்டுபோனதையும் தேடி எடுத்தார்.

“இத நான் கொண்டு போறன், டீச்சர். புள்ளைய நீங்க வச்சுக்கொள்ளுங்க.”

அவர்கள் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டிய பிறகும் பூரணிக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவருக்குப் போட்ட கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஸல்ஹா இன்னும் கையை விடவில்லை. டீச்சருக்கு ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டாள்.

“எனக்குச் சரியான பயம், பிள்ளை,” என்றாள் பூரணி.

“எனக்கும்தான்,” என்ற ஸல்ஹா, தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “நீங்களும் கைய ஒளிங்க டீச்சர். நீட்டுவம்.”