ஏழாம் மாத நடை

கும்பளங்கித் தீவை விட்டு, தோணியில் காயலைக் கடந்து, மட்டாஞ்சேரியை நோக்கி நானும் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. விஷு முடிந்த கையோடு காயலோர வயலில் நீரைக் கட்டி இறால் வளர்க்கும் இடத்தில் என் காவல் வேலையும் முடிந்துவிட்டது. என் தலையில் ஒரு தகரப்பெட்டி. அவள் கையில் சுருட்டிய பாய். அவளுக்கு ஏழாம் மாதம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓர் ஊரில் ஆறு மாதம் இருந்தால் அதிகம். அந்தக் கர்ப்பத்தையும் ஊர் ஊராகத்தான் கடந்தோம். முதல் மூன்று மாதம் பாலக்காட்டில். தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்தாள். நாலாம் மாதம் திருச்சூர். வாந்தி நின்று பசி வந்தது. கப்பக்கிழங்கும் மீனும் எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. கும்பளங்கிக்கு வந்த பிறகு ஒருநாள், வயிற்றுக்குள் மீன்குஞ்சு புரண்ட மாதிரி இருக்கிறது என்றாள். அதன்பின் தினமும் அசைந்தது. நன்றாக நடந்தால் பிரசவம் சுலபம் என்று யாரோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு வசதியான பேச்சு அது.

பள்ளுருத்தி தாண்டியதும் அவள் நின்றாள்.

"காலையிலேர்ந்து அசையவே இல்லைங்க."

எங்களுக்கு முன்பு ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் இப்படித்தான் அடங்கிப்போய், இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரி மட்டாஞ்சேரியில்தான் இருக்கும் என்று வேகமாக நடந்தேன். அவளும் வந்தாள்.

கடைத்தெருவில் ஒரு சுக்குக் கிடங்கின் வாசலில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வழி கேட்டேன். அவர்களில் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. என் மனைவியைத்தான் பார்த்தார்.

"எத்தனை மாசம், புள்ளே?"

"ஏழு. அசைவே தெரியலக்கா."

"எங்கேருந்து வர்றே?"

"கும்பளங்கி. நடந்துதான்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "இந்த வெயில்லயா? உன் மாப்பிள்ளை காலுல என்னா, சக்கரமா கட்டியிருக்கு?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"இங்க வா, இந்தச் சாக்குல இடப்பக்கமா சரிஞ்சு கிட. ஏ தம்பி, மரம் மாதிரி நிக்காம போயி ஒரு சாயா வாங்கிட்டு வா. மதுரம் கூட்டிப் போடச் சொல்லு."

சாயாவைக் குடித்துவிட்டு அவள் மறுபடி படுத்தாள். அக்கா அவள் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தார்.

"நடக்கறது தொட்டில் ஆட்டற மாதிரி புள்ளே. உள்ள இருக்கிறது சுகமா உறங்கும். நீ கிடந்தாத்தான் அது எழும்பும். எனக்கு அஞ்சு புள்ளையும் அப்படித்தான். பேசாம கிட."

சுக்குப் பொறுக்கிய கைகளெல்லாம் நின்றுவிட்டன. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தெருவில் போன கைவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் கை துள்ளியது. சேலைக்கு மேலேயே தெரிந்தது. இன்னொரு முறையும். அவள் அழுதுவிட்டாள்.

"கண்டோ! எழும்பியாச்சு," என்றார் அக்கா. "ஆனாலும் ஆசுபத்திரில காட்டாம விடக்கூடாது. தம்பி, ரிக்‌ஷால கொண்டுபோ. நடத்திக் கூட்டிட்டுப் போனே, நானே வந்து உதைப்பேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். இனிமேல் அசைவு குறைந்தால் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். எட்டாம் மாதம் கால் வீங்கலாம், ஆனால் முகமும் வீங்கித் தலைவலி வந்தால் உடனே ஓடி வர வேண்டும். ஒன்பதாம் மாதம் பிள்ளை கீழே இறங்கும், அப்போது மூச்சு லேசாகும், நடைதான் கனக்கும். எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, வீடு எங்கே என்று கேட்டார். நான் தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

கிடங்குக்குத் திரும்பி வந்து சொன்னதும் அக்கா எங்களைப் போக விடவில்லை; அன்று அவர் வீட்டின் பின்கட்டில் படுத்தோம். கடைசி மாதங்கள் ஏறக்குறைய நர்ஸ் சொன்னபடியே போயின. மழை தொடங்கியபோது மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் எனக்கு மறக்காதது அக்கா வீட்டில் படுத்த மறுநாள் காலைதான். அதே கிடங்கில் மூட்டை சுமக்க ஆள் எடுத்தார்கள். எந்த ஊரிலும் நான் முதலில் கேட்பது கூலியைத்தான். அன்று, மழைக்காலத்திலும் வேலை இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார் மேஸ்திரி. மூட்டைக்குத் தலையைக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.